மாதுளை பூ பூத்ததுல இருந்து பழம் ஆகற வரைக்கும்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

மாதுளை வளர்க்கறவங்க கேக்கற கேள்வியில முக்கால்வாசி உரத்தைப் பத்தி, இல்லன்னா மருந்தைப் பத்தி. ஆனா அந்தப் பழம் உள்ளுக்குள்ள எப்படி உருவாகுதுன்னு ஒரு தடவ புரிஞ்சிட்டா பாதிக் கேள்விக்கு பதில் தானா கிடைச்சிடும், அதனால அந்தக் கோணத்துலயே எழுதறேன்.

செடி முழுக்க பூவா இருக்கு, ஆனா ஒண்ணு கூட நிக்காம கொட்டிடுது, என்ன வியாதி?

பெரும்பாலும் வியாதியே இல்லங்க. மாதுளையில ஒரே செடியில ரெண்டு வகை பூ வரும். ஒண்ணு ஆண் பூ, அது காயே பிடிக்காது, மகரந்தம் குடுக்கறது மட்டும்தான் அதோட வேலை, அது முடிஞ்சதும் விழுந்துடும். இன்னொண்ணு ஆண் பெண் ரெண்டு உறுப்பும் சேர்ந்து இருக்கற பூ, காய் பிடிக்கறது இது மட்டும்தான். நிறைய செடியில பாதிக்கு மேல ஆண் பூவாத்தான் இருக்கும், அதனால நூறு பூ பூத்து எழுபது கொட்டினாலும் அது செடியோட கணக்குதான், நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. நானும் முதல் வருஷம் தரையில விழுந்து கெடக்கற பூவ பாத்து பதறிப் போய் என்னென்னமோ வாங்கி ஊத்தினேன், அப்புறம் ஒரு பூவ பிளேடால நீளவாக்குல ரெண்டா கிழிச்சுப் பாத்தப்பதான் உள்ள காயா மாற வேண்டிய சூல்பையே சரியா இல்லன்னு தெரிஞ்சுது.

அந்த ரெண்டு பூவையும் பாத்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அடிப்பகுதிய பாருங்க. காய் பிடிக்கற பூவுக்கு அடி பருத்து ஜாடி மாதிரி குண்டா இருக்கும், நடுவுல இருக்கற சூல்தண்டு நீளமா வளந்து அதோட முனை மகரந்தப் பைங்க இருக்கற உயரத்துக்கு, இல்லன்னா அதுக்கும் மேல நிக்கும். ஆண் பூ மணி மாதிரி, அடி ஒல்லியா காம்பு பக்கம் குறுகிப் போகும், சூல்தண்டு குட்டையா உள்ளயே ஒளிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டுங்கெட்டான் வகையும் உண்டு, அது சில சமயம் காய் பிடிக்கும், ஆனா பாதி பிஞ்சிலேயே விழுந்துடும், தப்பிச்சாலும் கோணலா வரும்.

ஒரு விஷயம் கவனிச்சுப் பாருங்க, கிளை நுனியில பூ கொத்தா வந்தா நடுவுல முதல்ல பெருசா வர்ற பூதான் பெரும்பாலும் காய் பிடிக்கற பூ. பக்கத்துல பின்னாடி வர்ற சின்னதுங்க நிறைய ஆண் பூவா போயிடும்.

ஒரே ஒரு செடிதான் இருக்கு, காய் பிடிக்குமா?

பிடிக்கும். தன்னோட மகரந்தமே தனக்குப் போதும். வேற ரகம் பக்கத்துல இருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா பிடிக்கலாம், ஆனா அது கட்டாயம் இல்ல.

தேனீயே வரதில்ல, கையால பண்ணலாமா?

தாராளமா. மாதுளை மகரந்தம் காத்துல அவ்வளவா பறக்காது, தேனீயும் சின்ன வண்டுங்களும்தான் கொண்டு போய் சேர்க்கும். மாடியில, பால்கனியில வளர்க்கறவங்களுக்கு இதுதான் பிரச்சனையே. காலையில மழையோ பனியோ இல்லாத நேரமா பாத்து ஒரு ஆண் பூவ பறிச்சு இதழெல்லாம் பிச்சிட்டு, அந்த மஞ்சத் தூள் இருக்கற கொத்த குண்டு பூவோட நடு முனையில மெதுவா தடவி விட்டா போதும், சின்ன பெயின்ட் பிரஷ்ஷும் வேலை செய்யும். பூ விரிஞ்ச ரெண்டு மூணு நாளுக்குள்ள செஞ்சிடணும், இதழ் வாடினதுக்கு அப்புறம் தடவி புண்ணியம் இல்ல. பூ பூக்கற நேரத்துல விடாம மழை பெஞ்சா காய் பிடிப்பு கொறையறதுக்கும் இதே காரணம்தான், மகரந்தம் நனைஞ்சிடும், தேனீயும் வெளிய வராது.

எவ்வளவு மகரந்தம் சேருதுங்கறது காய் பிடிக்குமா பிடிக்காதாங்கறதோட முடியல, பழம் எவ்வளவு பெருசா வரும்ங்கறதயும் சேத்து அதுதான் தீர்மானிக்குது. எப்படின்னு அடுத்த ரெண்டு பதில்ல வரும்.

பூ எப்படி காயா மாறுது? தலையில அந்த கிரீடம் எதுக்கு?

சில பூவுல சூல்பை இதழுக்கு மேல, பூவுக்கு உள்ள உக்காந்திருக்கும். மாதுளையில அப்படி இல்ல, சூல்பை இதழுக்குக் கீழ, பூவோட தடிச்ச அடிக்குள்ள புதைஞ்சிருக்கும். அதனாலதான் காய் பெருக்கறப்ப பூவோட மிச்சம் காய் தலையிலயே நின்னுடுது. சிவப்பு இதழ் மட்டும் கொட்டும், வெளிய இருந்த தடிச்ச புல்லி இதழ் கொட்டவே கொட்டாது, அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் முனை முனையா நிக்கும், நாம கிரீடம்னு சொல்றது அதைத்தான். ஒரு பழத்த எடுத்து கிரீடத்துக்குள்ள எட்டிப் பாருங்க, காஞ்ச நார் மாதிரி ஒரு கொத்து இருக்கும், அது அன்னைக்குப் பூத்த பூவோட மகரந்தத் தாள்கள், அத்தனை மாசம் கழிச்சும் அங்கேயேதான் இருக்கு.

உள்ள இருக்கற முத்து எப்படி உருவாகுது? அது பழச்சதையா விதையா?

எனக்கு மாதுளையில ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதறேன் பொறுத்துக்கோங்க.

மாம்பழத்துல நாம திங்கறது சூல்பையோட சுவர், கொட்டைய தூக்கிப் போட்டுடறோம். மாதுளையில அப்படியே தலைகீழ். சூல்பை சுவர் தடிச்ச துவர்ப்புத் தோலாயிடுது, அத தூக்கிப் போட்டுட்டு விதைய திங்கறோம். சூல்பைக்குள்ள விதையா மாறப் போற சூல் நூத்துக்கணக்குல இருக்கும், ஒவ்வொரு சூலுக்கும் தனித்தனியா ஒரு மகரந்தத் தூள் வந்து சேரணும். சேர்ந்த சூல் ஒண்ணு ஒண்ணும் ஒரு முத்து. சேராத சூல் அப்படியே சுருங்கி வெள்ளைப் பொட்டா நின்னுடும், பழத்த உடைச்சா முத்துக்கு நடுவுல சின்னதா வெளுத்துப் போனது தெரியும்ல, அதுல பலது இதுதான். நூறு சூலுக்கு மட்டும் மகரந்தம் கிடைச்ச பூவும் எழுநூறு சூலுக்கு கிடைச்ச பூவும் ஒரே அளவு பழம் தர முடியாது. ஒரு பக்கம் மட்டும் நல்லா சேர்ந்திருந்தா பழம் ஒரு பக்கம் உப்பி இன்னொரு பக்கம் சப்பையா கோணலா வரும். உரம் போட்டு முத்தோட எண்ணிக்கைய கூட்ட முடியாது, அது பூ வாடின அன்னைக்கே முடிவாயிடுது. அதுக்கப்புறம் நாம பாத்துக்கறதெல்லாம் ஏற்கனவே இருக்கற முத்து எவ்வளவு பெருக்கும், எவ்வளவு இனிக்கும்ங்கறத மட்டும்தான்.

சரி, சாறு எங்க இருந்து வருது? விதையோட வெளித்தோல்ல மேல இருக்கற செல்லுங்க வெளிப்பக்கமா நீண்டுகிட்டே போகும். ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன தண்ணிப் பை மாதிரி நீளமா இழுபட்டு உள்ள சாறும் சர்க்கரையும் நிறமும் நெறஞ்சிடும். உள் அடுக்கு மட்டும் மரம் மாதிரி இறுகிப் போயிடும், அதுதான் பல்லுல கடிபடற விதை. மென்விதை ரகம்னு சொல்றாங்களே, அதுலயும் விதை இல்லாம இல்ல, அந்த உள் அடுக்குல மரத்தன்மை கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த விதைக்குள்ள இருக்கற கருவுல ரெண்டு விதையிலை பாய் சுருட்டின மாதிரி சுருண்டு படுத்திருக்கும்.

முத்தெல்லாம் ஏன் ஆரஞ்சு சுளை மாதிரி வரிசையா இல்லாம கண்டபடி அறை அறையா இருக்கு?

கண்டபடி மாதிரி தெரியும், ஆனா ஒரு ஒழுங்கு இருக்கு. மாதுளை சூல்பை ரெண்டு மாடி வீடு. கீழ் மாடியில அறை கம்மி, பெரும்பாலும் மூணு, மேல் மாடியில அதிகம், அஞ்சாறு இருக்கும். ரெண்டு மாடிக்கும் நடுவுல குறுக்கா ஒரு சவ்வு ஓடும். பழத்த சரியா நடுவுல வெட்டினா குழப்பமா தெரியறதுக்குக் காரணம் கத்தி மாடி மாறி போறதுதான். மேல கிரீடத்த மட்டும் மூடி மாதிரி சீவி எடுத்துட்டு சவ்வு வரியோட சேர்த்துக் கீறி விரிச்சீங்கன்னா முத்து நசுங்காம பூ விரிஞ்ச மாதிரி பிரியும்.

பூவுல இருந்து பழம் வரைக்கும் எத்தனை நாள்?

ரகத்தப் பொறுத்து, வெயிலப் பொறுத்து சுமார் அஞ்சு மாசத்துல இருந்து ஏழு மாசம். பகவா மாதிரி ரகம்னா ஆறு மாசம் கேக்கும். அவசரக்காரங்களுக்கு மாதுளை சரிப்படாதுங்க.

ஆரம்பத்துல பிஞ்சு சிவப்பாத்தான் இருக்கும், பூவோட நிறம் அப்படியே. கொஞ்ச நாள்ல பச்சையா மாறும், அதப் பாத்து "சிவந்திருந்தது திரும்பவும் பச்சையாயிடுச்சே"ன்னு நிறைய பேர் பயப்படறாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. இந்தக் கட்டத்துல தோல்தான் வேகமா வளரும், உள்ள விதை பிசுபிசுன்னு வெள்ளையா, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், நாக்குல வெச்சா துவர்ப்பு பிச்சுக்கும். நடு மாசங்கள்ல விதை இறுகும், அத சுத்தி சாறு சேர ஆரம்பிக்கும், ஆனா முத்து வெளுத்தே இருக்கும், புளிக்கும். கடைசி ரெண்டு மாசத்துலதான் உண்மையான வேலை நடக்குது, புளிப்பு கொறையும், சர்க்கரை ஏறும், துவர்ப்பு அடங்கும், முத்து இளஞ்சிவப்புல ஆரம்பிச்சு அடர் நிறத்துக்குப் போகும். நாலாவது மாசமே பழம் கிரிக்கெட் பந்து அளவு வந்துட்டு அப்படியே நிக்கற மாதிரி இருக்கேன்னு ஆசைப்பட்டு பறிச்சு ஏமாந்தவங்க நிறைய.

பிஞ்சு கோலி அளவு வந்ததும் உதிருது, இது ஆண் பூ கதை இல்லையே?

இல்ல, இது வேற. மகரந்தம் அரைகுறையா சேர்ந்த பிஞ்ச செடியே கழட்டி விட்டுடும். தண்ணி ஒரு வாரம் இல்லாம இருந்து அப்புறம் ஒரேயடியா ஊத்தினாலும் உதிரும், வேர்ல தண்ணி தேங்கினாலும் உதிரும். தழைச்சத்து (நைட்ரஜன்) ஓவரா போட்டா செடி இலையும் துளிரும் விடறதுலயே பிஸியாயிடும், பிஞ்ச கண்டுக்காது. இதெல்லாம் சரியா இருந்தும் கொஞ்சம் உதிருதுன்னா விட்டுடுங்க, எத்தனை காய தாங்க முடியும்னு செடிக்குத் தெரியும்.

ஒரே கொத்துல மூணு காய் இருக்கு, எல்லாத்தையும் விடலாமா?

மனசு வராதுதான், ஆனா ஒண்ண விட்டுட்டு மத்தத கிள்ளிடுங்க, பிஞ்சா இருக்கறப்பவே. மூணும் சேர்ந்து சின்னதா வரும், அதோட காயும் காயும் ஒட்டற இடத்துல ஈரம் நிக்கும், பூச்சி ஒளிஞ்சுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். இளம் செடியா இருந்தா முதல் வருஷக் காய பூராவும் எடுத்துடறது கூட நல்லதுதான், நான் எடுக்கல, கிளை ஒண்ணு பாரம் தாங்காம கிழிஞ்சுது.

பழுக்கற நேரத்துல பழம் வெடிச்சிடுது, என்ன செய்யறது?

அதிகமா கேக்கற கேள்வி இதுதான்னு நெனைக்கறேன், அதிகமா தப்பா பதில் சொல்றதும் இதுக்குத்தான்.

உள்ள என்ன நடக்குதுன்னு யோசிங்க. கடைசி கட்டத்துல தோல் வளர்றது கிட்டத்தட்ட நின்னுடும், ஆனா முத்து தண்ணிய உறிஞ்சி உப்பிகிட்டே இருக்கும். மண்ணு கொஞ்ச நாள் காஞ்சு கெடந்தா தோல் இறுகி விறைச்சுப் போயிடும், அந்த நேரம் பாத்து நல்ல மழையோ இல்ல நாம "பாவம் காஞ்சிருச்சே"ன்னு ரெண்டு பக்கெட் தண்ணியோ ஊத்தினா முத்தெல்லாம் ஒரே நேரத்துல உப்பும், தோலுக்கு நெகிழ்வு இல்ல, டப்புன்னு பொளந்துக்கும். அதனால பிரச்சனை தண்ணி கொறைச்சலும் இல்ல, தண்ணி அதிகமும் இல்ல, ஏத்த எறக்கம்தான். கொஞ்சமா ஆனா மாறாம ஒரே சீரா குடுக்கணும், சொட்டு நீர் போட்டவங்க தோட்டத்துல வெடிப்பு கொறையறது இதனாலதான். செடியடியில காஞ்ச இலை, வைக்கோல் போட்டு மூடி வெச்சா மண்ணு ஈரம் சட்டுன்னு மாறாது. போரான், கால்சியம் சத்து கொறைஞ்சாலும் தோல் பலம் இல்லாம வெடிக்கும், ஆனா போரான அளவு தெரியாம அள்ளிப் போட்டுடாதீங்க, அதுக்கு மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி.

இன்னொண்ணு, நல்லா பழுத்தத பறிக்காம விட்டா எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டாலும் வெடிக்கத்தான் செய்யும், பறவை வந்து விதைய கொண்டு போகட்டும்னு பழம் தானா தொறந்துக்கற வழி அது.

வெளிய சிவப்பா இல்ல, அப்ப உள்ளயும் வெளுப்பாத்தான் இருக்குமா?

சம்பந்தமே இல்ல. தோல் நிறம் தனி, முத்து நிறம் தனி. மஞ்சத் தோலுக்குள்ள ரத்தச் சிவப்பு முத்து இருக்கற ரகமும் உண்டு, வெளிய பளபளன்னு சிவந்து உள்ள வெளுத்துக் கெடக்கறதும் உண்டு. ரெண்டுலயும் நிறம் குடுக்கறது ஆந்தோசயனின்ங்கற ஒரே குடும்பத்து நிறமிதான், ஆனா தோல்ல எவ்வளவு சேருது, முத்துல எவ்வளவு சேருதுங்கறது தனித்தனி. வழக்கமா சிவப்பா வர்ற செடியில முத்து வெளுப்பா வந்தா முதல்ல அவசரப்பட்டு பறிச்சோமான்னு பாருங்க, அடுத்தது பழுக்கற நேரத்துல கடும் வெக்கையா இருந்துச்சான்னு பாருங்க. ராத்திரி கொஞ்சம் குளிர்ந்தா நிறம் நல்லா ஏறும், விடாம கொதிச்சா ஏறாது. வெயில் நேரா அடிக்கற பக்கம் தோல் பழுப்பா வெந்து போயிருந்தா அதுக்கு அடியில இருக்கற முத்தும் வெளுத்திருக்கும்.

பறிச்சு அரிசியில புதைச்சு வெச்சா பழுக்குமா?

பழுக்காது. வாழை, மாம்பழம் எல்லாம் பறிச்சதுக்கு அப்புறமும் பழுக்கற ஜாதி. மாதுளை, திராட்சை, ஆரஞ்சு எல்லாம் மரத்தோட முடிஞ்சுது, பறிச்ச நிமிஷம் இனிப்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான், வெச்சிருந்தா தோல் காயும், கொஞ்சம் சுருங்கும், புளிச்சது புளிச்சதாவே இருக்கும்.

அப்ப எப்பதான் பறிக்கறது?

பூத்த தேதிய ஒரு துணியில எழுதி கிளையில கட்டிடுங்க, இத விட நல்ல வழி எனக்குத் தெரியல. அதுக்கு மேல சில அடையாளம் இருக்கு. உருண்டையா இருந்த பழம் லேசா பட்டை பட்டையா முனை வெச்ச மாதிரி ஆகும், உள்ள முத்து பெருத்து தோல தள்றதால வர்றது அது. விரிஞ்சிருந்த கிரீட முனைங்க உள் பக்கமா மடங்க ஆரம்பிக்கும். விரலால சுண்டினா கணீர்னு உலோகம் மாதிரி ஒரு சத்தம் வரும்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா அந்தக் காது வர்றதுக்கு நாலஞ்சு பழம் பலி குடுக்கணும். கைக்கு அளவ விட கனமா இருக்கும். பறிக்கறப்ப பிடிச்சு இழுக்காதீங்க, காம்போட தோலும் பிஞ்சு வரும், கத்தரியால வெட்டுங்க.

வெளிய அழகா இருந்த பழம் உள்ள கருப்பா அழுகி இருக்கு, எப்படி?

இதுவும் பூவுலயே ஆரம்பிச்ச கதை. ஆல்டர்னேரியான்னு ஒரு பூஞ்சணம் பூ விரிஞ்சிருக்கறப்பவே உள்ள நுழைஞ்சு மாசக்கணக்குல சும்மா கெடந்துட்டு பழம் முத்தறப்ப உள்ளுக்குள்ள இருந்து தின்ன ஆரம்பிக்கும். தோல தொடவே தொடாது, அதான் வெளிய தெரியறதில்ல. கையில எடுத்தா மத்ததை விட கொஞ்சம் லேசா இருக்கும், நிறமும் லேசா மங்கியிருக்கும், அவ்வளவுதான் துப்பு. கருப்பா ஆகாம முத்து பழுப்பா கூழ் மாதிரி இருந்தா அது வேற, பழுத்தும் மரத்துலயே ரொம்ப நாள் விட்டதால வரலாம்.

காயில சின்ன ஓட்டை, பக்கத்துல பொடி பொடியா கழிவு.

காய்த்துளைப்பான். ஒரு பட்டாம்பூச்சி பூவுலயும் கிரீடத்துலயும் பிஞ்சுலயும் முட்டை வைக்கும், புழு துளைச்சு உள்ள போயி விதைய தின்னும். உள்ள போனதுக்கு அப்புறம் மருந்து அடிச்சு என்ன பிரயோஜனம். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மெல்லிய துணிப் பையோ பட்டர் பேப்பர் பையோ கட்டிடுங்க. ஓட்டை விழுந்தத பறிச்சு அங்கேயே போடாம அழிச்சிடுங்க, இல்லன்னா அடுத்த தலைமுறை அதுல இருந்தே கிளம்பும்.

பூவே பூக்கல.

வெயில் பத்தல, பெரும்பாலும் அதான். குறைஞ்சது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேணும். அடுத்தது தழைச்சத்து அதிகம். தோட்டக்காரங்க பூ வேணும்னா கொஞ்ச நாள் தண்ணிய நிறுத்தி இலை கொட்ட விட்டு, கவாத்து பண்ணி (கிளைய வெட்டி விட்டு), அப்புறம் உரமும் தண்ணியும் குடுப்பாங்க, செடி ஒரேயடியா துளிர் விட்டு பூ எடுக்கும். தரையில இருக்கற வளர்ந்த செடிக்கு இது சரி, தொட்டிச் செடிக்கு பண்ணிடாதீங்க, செத்துடும்.

பழத்துல இருந்த விதைய போட்டேன், முளைச்சிருக்கு, அதே பழம் வருமா?

வரும்னு சொல்ல முடியாது. விதையில முளைச்சது தாய் மாதிரியே இருக்காது, புளிப்பா வரலாம், விதை கட்டியா வரலாம், காய்க்க மூணு நாலு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகலாம். நல்ல மரத்துல இருந்து பென்சில் தடிமன்ல முத்தின குச்சிய வெட்டி நட்டா சுலபமா வேர் விடும், அப்படியே அதே பழம், ரெண்டு மூணு வருஷத்துலயே காய்ப்புக்கு வரும். நர்சரியில வாங்கறவங்களுக்கு ஒண்ணு, இதழ் அடுக்கடுக்கா ரோஜா மாதிரி இருக்கற மாதுளை அழகுக்கு வளர்க்கறது, அதுல பழம் வரும்னு காத்துகிட்டு இருக்காதீங்க. அதே மாதிரி அதிகம் உயரம் போகாத குட்டை மாதுளையில காய் வரும், ஆனா எலுமிச்சை அளவுல நின்னுடும், தின்னவும் நல்லா இருக்காது.